பழைய செடான் வாங்கப் போறீங்களா? முதல்ல சீட் பெல்ட்டை இழுங்க

வட சென்னையில வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் பழைய ஹோண்டா சிட்டியோ ஹூண்டாய் வெர்னாவோ பார்க்கப் போனா, பெயின்ட் பளபளப்புல மயங்கிடாதீங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க. வெளியே தெரியுற பகுதியைக் கழுவிடுவாங்க. உள்ளே சுருண்டு கிடக்குற கடைசி ஒரு முழத்துல சேற்றுக் கறை அப்படியே இருக்கும். அடுத்து டிக்கி மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னி குழியை விரலால தடவுங்க. வண்டல் ஒட்டினா அது 2015 வெள்ளமோ 2023 மிக்ஜாம் புயலோ பார்த்த வண்டியா இருக்கலாம்.

ராயபுரத்துல தம்பிக்காக ஒரு வண்டி பார்த்தோம். மேலே புதுசு மாதிரி. முன் சீட்டுக்கு அடியில போல்ட் எல்லாம் துரு. விலை குறைச்சும் வேண்டாம்னு வந்துட்டோம். தண்ணி புகுந்த வண்டியில வயரிங் கனெக்டருக்குள்ள பச்சை பூத்து, மாசக்கணக்கு கழிச்சுத்தான் தொல்லை ஆரம்பிக்கும்.

கடற்காத்து பட்ட வண்டிங்கறதால லிஃப்ட்ல ஏத்தி பிரேக் பைப், சைலன்சர்ல துரு இருக்கான்னும் பாருங்க. வண்டி மேல கடன் பாக்கி இருக்கான்னு அரசோட பரிவாகன் இணையதளத்துல தெரிஞ்சுடும்.

புதுசு எடுக்கிறவங்க தயாரிப்பு மாசத்தைக் கேளுங்க. போன வருஷத் தயாரிப்புன்னா, விக்கும்போது ஒரு வயசு கூடத்தான் கணக்கு.