பெரிய நியூட்டோனியனில் வான்படம்: கண்ணாடியைக் குறை சொல்லும் முன்

படத்தில் நட்சத்திரங்கள் நீண்டு போனால் பலர் முதலில் சந்தேகப்படுவது கண்ணாடியைத்தான். நியூட்டோனியன் என்பது கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி. 10 அங்குல, எஃப்/4 (குவியத் தூரம் கண்ணாடி விட்டத்தைப்போல நான்கு மடங்கு) நியூட்டோனியனில் பெரும்பாலும் கண்ணாடி நிரபராதி. அதைத் தாங்கி நிற்கும் ஏதோ ஒன்று அசைந்திருக்கும்.

குழாயைத் தாங்கி, நட்சத்திரங்களோடு திருப்பும் மவுண்ட்டிலிருந்து தொடங்கலாம். அதன் விவரக்குறிப்பில் இருக்கும் எடை வரம்பை அப்படியே நம்பி வாங்குவதுதான் பெரிய தவறு. படம் எடுக்க அதில் பாதியளவு ஏற்றுவதே பாதுகாப்பு. எடை தாங்கினாலும், ஒரு மீட்டர் நீளக் குழாய் லேசான காற்றுக்கே பாய்மரம்போல இழுபடும். சுவர் மறைவில் வையுங்கள்.

சரி, கைடிங் (ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து மவுண்ட்டைத் திருத்திக்கொண்டே இருப்பது) வரைபடம் அமைதியாக ஓடுகிறது, ஆனாலும் நட்சத்திரம் கோடாக விழுகிறதா? குழாய் சாயச் சாய முதன்மை ஆடி (அடியில் இருக்கும் பெரிய கண்ணாடி) தன் இருக்கையில் மயிரிழை நகரும். கைடிங்குக்காகக் குழாயின் மேல் பூட்டிய சிறு தொலைநோக்கியான கைடு ஸ்கோப்புக்கு அது தெரியவே தெரியாது. அதே ஆடியின் ஒளியை எடுத்துக்கொள்ளும் ஆஃப்-ஆக்சிஸ் கைடர்தான் இதற்கு மருந்து. கேமராவின் பாரத்தில் ஃபோகஸர் (கேமராவை மாட்டிக் குவியத்தைச் சரிசெய்யும் பகுதி) தொய்கிறதா, அதைப் பிடித்திருக்கும் மெல்லிய தகடு வளைகிறதா என்றும் பாருங்கள்.

கொலிமேஷனில் (ஆடிகளை ஒன்றோடொன்று நேராக அமைப்பதில்) லேசரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஃபோகஸரில் அதைச் சுழற்றும்போது புள்ளி வட்டம் போட்டால், லேசரே கோணல். இன்னொன்று: ஃபோகஸர் வழியே பார்த்தால், எஃப்/4 குழாயில் துணை ஆடியின் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் சிறு கண்ணாடி) நிழல் முதன்மை ஆடியின் பக்கம் சற்றுத் தள்ளித்தான் தெரியும். அதை நடுவுக்குக் கொண்டுவரப் போய், சரியாக இருந்ததையும் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

ஓரத்து நட்சத்திரங்களை வால் முளைத்ததுபோல் காட்டும் குறைதான் கோமா. எஃப்/4-இல் அதன் தொந்தரவு இல்லாத பரப்பு நடுவில் சுமார் 1.4 மில்லிமீட்டர் விட்டம்தான். பல கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு சென்சரின் அகலமோ 22 மில்லிமீட்டருக்கு மேல். ஆக, அதைத் திருத்தும் லென்ஸ் தொகுதியான கோமா கரெக்டர் கட்டாயம். அதற்கும் சென்சருக்கும் இடையே தயாரிப்பாளர் சொன்ன தூரம், பல மாடல்களில் 55 மில்லிமீட்டர், பிசகக் கூடாது. நடுவில் ஃபில்டர் வைத்தால் அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஃபோகஸில் எஃப்/4 பொறுக்கும் பிழை ஏறத்தாழ 20 மைக்ரான். இரவு குளிரக் குளிர அது நழுவும்; அவ்வப்போது திருத்துங்கள். கண்ணாடியை விசிறி வைத்து முன்கூட்டியே குளிரவிடுங்கள்.

டார்க் (சென்சரின் இரைச்சலைக் கழிக்க ஒளியே இல்லாமல் எடுக்கும் படம்) எடுக்க முன்மூடி போட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். குழாயின் பின்புறம் ஆடியைச் சுற்றி இடைவெளி இருக்கும். தெருவிளக்கு அது வழியே நுழைந்து டார்க், பிளாட் (சீரான வெளிச்சத்தில் எடுக்கும் திருத்தப் படம்) இரண்டையும் பாழாக்கும். ஒரு கறுப்புத் துணி போதும், ஆனால் விசிறிக்குக் காற்று வரும்படி கட்டுங்கள்.

அப்புறம், ஒளிமாசுள்ள வானத்தில் ஐந்து நிமிட எக்ஸ்போஷர் எதற்கு? ஃபில்டர் இல்லாமல் 30 முதல் 60 வினாடியிலேயே பின்னணி வெளிச்சம் ஏறிவிடும். குட்டை எக்ஸ்போஷர்களைக் குவித்தால், காற்றடித்த நேரத்துப் படங்களை மட்டும் கழித்துவிடலாம். குறுகிய அலைநீளப் பட்டையை மட்டும் விடும் 3 நானோமீட்டர் நேரோபேண்ட் ஃபில்டர் வாங்குவதாக இருந்தால், வேகமான எஃப் விகிதத்துக்கென்று செய்ததா என்று கேளுங்கள். சாதாரணமானதில் சாய்ந்து வரும் கதிர்களால் அலைநீளம் நகர்ந்து, ஹைட்ரஜன் ஒளியில் ஒரு பங்கு வெளியே தங்கிவிடும்.