வீடற்ற பெண்களைப் பற்றிய ஆய்வு: மலையகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் வீடற்ற பெண்களை ஆராயப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, தெருவில் தேடுவது. ஹட்டன் பஸ் நிலையத்திலோ நுவரெலியா கடைத்தெருவிலோ இரவில் போய் எண்ணினால் ஆண்கள் சிலர் அகப்படுவார்கள். பெண்கள் கண்ணில் படுவது அரிது. "இங்கே அந்தப் பிரச்சினை குறைவு" என்று அறிக்கை எழுதப்படும். பணமும் வேறு பக்கம் போய்விடும்.

அந்தப் பெண்கள் இருப்பது லயத்துக்குள்ளேதான், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள்ளே. புருஷன் அடித்து விரட்டியவள் அக்கா வீட்டு இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) படுக்கிறாள். கொழும்பில் வீட்டு வேலை செய்து வயதாகித் திரும்பியவளுக்கு, தம்பி குடும்பம் நிறைந்த காம்பராவில் (லய அறையில்) பாய் விரிக்க இடமில்லை. "வீடு இருக்கா?" என்று கேட்டால் இருவருமே "இருக்கு" என்பார்கள். மானம் என்று ஒன்று உண்டல்லவா! ஆகவே, போன மாதம் எங்கெங்கே படுத்தீர்கள், யார் நினைத்தால் உங்களை வெளியே போகச் சொல்லலாம், உள்ளே தாழ்ப்பாள் போட முடியுமா என்று கேளுங்கள். லண்டனிலும் வழக்கமான தெருக் கணக்கெடுப்பில் பெண்கள் விடுபட்டுப்போனதால்தான் 2022இல் அவர்களுக்கென்றே தனிக் கணக்கெடுப்பு நடந்தது. இரவு முழுக்க பஸ்ஸில் சுற்றியவர்கள்கூட அதில் வெளிப்பட்டார்கள். அந்தக் கேள்விக்கொத்தை அப்படியே இங்கே இறக்கினால் பயனில்லை. தோட்டத்துக்கு நடுச்சாமத்தில் பஸ் ஏது?

அடுத்தது, கேட்கும் இடம். தோட்டத் தலைவரையோ வெல்பெயார் ஐயாவையோ (தோட்டத்தின் நலன்புரி அலுவலர்) கூட்டிக்கொண்டு காம்பரா வாசலில் நின்று கேட்டால் உண்மை வராது. கேட்டவர் போனபிறகு அடிதான் விழும். குடும்ப வன்முறை ஆய்வுகளுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2001ஆம் ஆண்டு வழிகாட்டி, ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே வன்முறை பற்றிக் கேட்கச் சொல்கிறது. பக்கத்துக் காம்பராவில் இருமினாலும் கேட்கும் லயத்தில், ஒரு வரிசைக்கு ஒருவர் என்று அதை இறுக்குவதே நல்லது என்பேன். கிளினிக் நாளில், தனி அறையில் கேட்பது இன்னும் மேல். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பேரிடர்க் கணக்கு தனி வில்லங்கம். 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தது. தப்பியவர்களில் பலர் ஏறக்குறைய 2 ஆண்டுகள் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்க நேர்ந்தது. இப்படியான நேரத்தில் குடும்பத்துக்கு ஒரு பெயர் என்று பட்டியல் எடுத்தால், புருஷனைப் பிரிந்து வாழ்பவள் அவன் பெயருக்குள் மறைந்துபோவாள். புதுவீடும் அவனுக்கே போகும். வயதுவந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு இல்லம்தான் தீர்வு என்று முன்கூட்டியே முடிவுகட்டுவதும் தவறு. தூர நகரத்தில் கட்டில் கிடைத்தால் மலையில் கொழுந்து பறிக்கும் வேலை போகும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் போகும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அடித்தவன் அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது என்றே நீதவான் கட்டளையிடலாம். நீங்கள் வெளியேற வேண்டுமா, அவர் வெளியேற வேண்டுமா என்று எத்தனை ஆய்வுகள் கேட்கின்றன?

பெண்களுக்கான 1938 என்ற உதவித் தொலைபேசி எண்ணை அச்சடித்துக் கொடுத்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். வீட்டில் போன் யார் கையில், ரீலோட் யார் போடுவது என்பதையும் விசாரியுங்கள். இந்தக் கேள்விகளைக் கடைசிப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதற்குள் அடுப்படி வேலை கூப்பிட்டுவிடும்.