வெயில் ஏறினால் அதிரும் கைப்பட்டி: வட்டைக்குப் போவோருக்காக நாமே செய்வோம்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரை வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், சிறுபோக வேளாண்மை வெட்டும் காலத்தில்தான் கச்சான் என்னும் வறண்ட காற்றும் வீசுகிறது. வேலை மும்முரத்தில் உடல் சூடேறுவது தெரிவதில்லை. தலை சுற்றும்போதுதான் தெரிகிறது. அதற்கு முன்பே அதிர்ந்து எச்சரிக்கும் கைப்பட்டி ஒன்றை, மின்னணுவியலில் கைவைத்திராதவர்களும் வீட்டிலேயே செய்யலாம்.

வெப்பமானி மட்டும் போதாது. வறண்ட காற்றில் 35 பாகை செல்சியஸும் 40 வீத ஈரப்பதனும் இருந்தால் உடல் உணர்வது ஏறத்தாழ 37 பாகை. காற்று கடலிலிருந்து திரும்பி, வெப்பம் 32 பாகைக்கு இறங்கி, ஈரப்பதன் 70 வீதம் ஆனால் உணர்வது ஏறத்தாழ 41! வியர்வை உலராததே காரணம். இந்தக் கணக்குக்கு வெப்பச் சுட்டெண் என்று பெயர். 1979இல் ரொபர்ட் ஸ்டெட்மன் செய்த ஆய்விலிருந்து வந்தது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும் பொதுவானது. நமது பட்டி நீங்கள் நிற்கும் வயல் வரம்பிலேயே அளக்கும்.

தேவையானவை: சியாவோ ஈஎஸ்பி32 சி3 பலகை (நிரலை இயக்கும் சிறு கணினி; பற்றரியை மின்னேற்றும் சுற்றும் அதிலேயே உண்டு), வெப்பத்தையும் ஈரப்பதனையும் அளக்கும் டிஎச்டி22 உணரி, நாணய வடிவ அதிர்வு மோட்டார், மோட்டாருக்கு ஆளியாக (சுவிட்சாக) வேலை செய்யும் 2என்2222 டிரான்சிஸ்டர், 1 கிலோஓம் தடை, 1என்4148 டயோட், பாதுகாப்புச் சுற்றுள்ள 500 மில்லியம்பியர் மணி லித்தியம் பற்றரி, அகலமான இலாஸ்டிக் பட்டி.

படி 1: உணரி. முதலில் எல்லாவற்றையும் பிரெட்போர்டில் (ஈயம் பற்றவைக்காமல் செருகி இணைக்கும் பலகை) யுஎஸ்பி மின்சாரத்தில் இயக்கிப் பாருங்கள். உணரியிலிருந்து பலகைக்கு 3.3 வோல்ட், தரை (மின்சுற்றின் எதிர் முனை), தரவு என மூன்று இணைப்புகள். நான்கு கால்களுடன் தனியாக வரும் உணரி என்றால், தரவுக் காலுக்கும் 3.3 வோல்டுக்கும் இடையே 10 கிலோஓம் தடை ஒன்றும் வேண்டும்.

படி 2: மோட்டார். இதில் அவசரம் கூடாது. மோட்டாரைப் பலகையின் தரவுக் காலில் நேரடியாக மாட்டினால், அது இழுக்கும் மின்னோட்டத்தை அந்தக் கால் தாங்காது. மோட்டாரின் ஒரு முனை 3.3 வோல்டுக்கு, மறுமுனை டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு (கலெக்டர், எமிட்டர், பேஸ் என்பன அதன் மூன்று கால்கள்). எமிட்டர் தரைக்கு. பேஸ், 1 கிலோஓம் தடை வழியாகப் பலகையின் வேறொரு தரவுக் காலுக்கு. மோட்டார் நிற்கும் கணத்தில் எதிர்த்து எழும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடும் என்பதால், மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே டயோடை வையுங்கள். கோடு உள்ள பக்கம் 3.3 வோல்டை நோக்கி இருக்கட்டும். டிரான்சிஸ்டரின் கால் வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். வாங்கிய கடையில் கேட்டுவிடுங்கள்.

படி 3: நிரல். நிரல் எழுதும் ஆர்டுயினோ மென்பொருளில் அடாஃப்ரூட் நிறுவனத்தின் டிஎச்டி நூலகத்தை (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) நிறுவுங்கள். வெப்பச் சுட்டெண்ணைக் கணிக்கும் கட்டளை அதிலேயே இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும்.

எச்சரிக்கை எல்லையை நன்றாக யோசித்து வையுங்கள். அமெரிக்க வானிலைச் சேவையின் அட்டவணையில் ‘கூடிய கவனம்’ என்ற நிலை சுட்டெண் 32இல் தொடங்குகிறது. நம் கரையில் 32 என்று வைத்தால் பட்டி நாள் முழுக்க அதிரும். இரண்டாம் நாளே கழற்றி எறிந்துவிடுவார்கள். ஆபத்து நிலை 39இல் தொடங்குகிறது. ஆனால் அது நிழலுக்கான கணக்கு, நேர் வெயில் 8 பாகை வரை கூட்டும். ஆகவே 36இல் ஒரு குறும் அதிர்வும், 39இல் மூன்று நீண்ட அதிர்வுகளும் என்பதே என் தெரிவு.

படி 4: சோதனை. உணரியின் மீது வாயால் மெதுவாக ஊதுங்கள். அடுத்த அளவீட்டில் கணினித் திரையில் ஈரப்பதன் வெகுவாக ஏறியிருக்கும், சுட்டெண்ணும் கூடவே ஏறியிருக்கும். மோட்டார் அதிர்கிறதா என்று பாருங்கள். ஊதுவதை நிறுத்திய பிறகு அளவு இறங்கச் சில நிமிடங்கள் எடுக்கும். அது பழுது அல்ல.

படி 5: பட்டி. இனி இணைப்புகளை ஈயம் பற்றவைத்து, பற்றரியின் நேர், எதிர் முனைகளைப் பலகையின் அடியில் உள்ள தட்டுகளில் சரிபார்த்து இணையுங்கள். மோட்டார் மேற்கையின் தோலைத் தொட வேண்டும். உணரி தோலைத் தொடவே கூடாது, தொட்டால் உடற்சூட்டையும் வியர்வையையும் அளந்துவிடும். இடையில் ஒரு விரல் தடிப்புக்கு ரெஜிபோம் துண்டு வையுங்கள். மேலே, பக்கங்களில் துளையிட்ட வெள்ளை யோகட் கோப்பையின் அடிப்பாகத்தைக் கவிழ்த்தால் வெயில் படாது, காற்று புகும்.

இது மருத்துவக் கருவி அல்ல. பட்டி அதிராவிட்டாலும் வாந்தியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே வேலையை நிறுத்துங்கள். ஒருவர் பேச்சுத் தடுமாறினால் உடலை நனைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பற்றரியை வெயிலில் வைத்து மின்னேற்ற வேண்டாம். ஊதிப் பெருத்த பற்றரியை மறுபடி பயன்படுத்தவும் வேண்டாம்.