பெட்ரோமாக்ஸுக்குப் புது மேண்டில் கட்டும்போது

குடியாத்தம் பக்கம் விடிய விடிய நடந்த கூத்துக்கு வெளிச்சம் தந்த பெட்ரோமாக்ஸ் சில வீட்டுப் பரண்களில் இன்னும் இருக்கும். அதற்குப் புது மேண்டில், அதாவது சூட்டில் ஒளிரும் துணி வலைப்பை, கட்டும்போது அதன் நூலைப் பர்னரின் பள்ளத்தில் இறுக்கி முடிந்து, மீதியை ஒட்ட நறுக்குங்கள். சுருக்கம் சுற்றிலும் சீராக இருக்கட்டும். ஒரு பக்கம் குவிந்தால் எரிந்தபின் கோணிக்கொள்ளும்.

தொட்டிக் காற்றை வெளிவிடும் திருகைத் திறந்துவைத்து, முன்சூடேற்றப் பற்றவைக்கும் ஸ்பிரிட் சுடரிலேயே துணி முழுக்கக் கருகட்டும். அவசரமே கூடாது. ஸ்பிரிட் அணையப்போகும்போது திருகை மூடி மெல்ல பம்பு அடித்தால், உப்பி வெளுத்து வடிவம் பிடிக்கும். இனி அது வெறும் சாம்பல் வலை, விரல் பட்டாலே உதிரும்.

ஓட்டை விழுந்ததை எரிக்கவே எரிக்காதீர்கள். அதன் வழியே சீறும் சுடர் கண்ணாடியை வெடிக்கவைக்கும். பழைய மேண்டில்களில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் உண்டு. வெளித்திண்ணையில் வைத்து எரியுங்கள், தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்துக் கை கழுவுங்கள்.