கடுகைக்கூடப் பொறுக்கி வைக்கும் குழந்தைக்குப் பிறந்தநாள் பலகாரம்

என் மகள் ஐந்து வயதில், உப்புமாவில் இருக்கும் கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் முதல் வாய் சாப்பிடுவாள். அவளுடைய பிறந்தநாளுக்கு ஏழெட்டு வகைப் பலகாரம் செய்து வைத்தும், வெறும் சிப்ஸை மட்டும் தின்றுவிட்டு எழுந்துபோனாள். சுவை பார்ப்பதற்கு முன்பே, கண்ணில் படும் பச்சைத் துணுக்குக்காகவும் நாக்கில் தட்டுப்படும் வெங்காயத்துக்காகவும் உணவை ஒதுக்கிவிடும் குழந்தைகள் உண்டு என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. அத்தகைய குழந்தைக்கு இரண்டு மூன்று வகை போதும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரே நிறமாகவும் ஒரே பதமாகவும் இருக்க வேண்டும்.

முதலில் உருளைக்கிழங்கு உருண்டை. அரை கிலோ கிழங்கைத் தோலுடன் முழுதாகவே வேகவையுங்கள். நறுக்கி வேகவைத்தால் நீர் கோத்துக்கொண்டு, எண்ணெயில் போட்டதும் உருண்டை பிரிந்துவிடும். தோலை உரித்து, சூடு இருக்கும்போதே கட்டியில்லாமல் மசித்து, அகலமான தட்டில் பரப்பி முழுவதும் ஆறவிடுங்கள். பிறகு துருவிய சீஸ் 50 கிராம், கார்ன்ஃப்ளார் இரண்டு மேசைக்கரண்டி, மிளகுத்தூள் கால் தேக்கரண்டி, அளவாக உப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசையுங்கள். வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி எதுவும் வேண்டாம்; பெரியவர்களுக்குச் சப்பென்று இருக்குமே என்று தோன்றினால், அவர்களுக்குக் காரச் சட்னியைத் தனியாக வையுங்கள். கேரட்டையோ கீரையையோ அரைத்து ஒளித்துச் சேர்ப்பதும் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் குழந்தை அதை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், பிடித்த பலகாரத்தையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

மாவை நெல்லிக்காய் அளவில் உருட்டி, நீர்க்கக் கரைத்த மைதாவில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்ட வேண்டும். இந்தப் புரட்டும் வேலையைக் குழந்தையிடமே கொடுத்துவிடுங்கள். தன் கையால் செய்ததை ஒரு கடியாவது கடித்துப் பார்க்கும் ஆசை அதற்கு வரும். மொத்தத்தையும் உருட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் பொரித்துப் பாருங்கள். விரிந்தால், மீதி மாவில் இன்னும் ஒரு கரண்டி கார்ன்ஃப்ளார் சேர்க்கலாம். உருண்டைகளை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகிக்கொள்ளும். ஒரு சிட்டிகை ரொட்டித்தூளைப் போட்டதும் அது கருகாமல் உடனே பொரிந்து மேலே வந்தால், எண்ணெய் சரியான சூட்டில் இருக்கிறது. ஒரே ஈட்டில் நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கிவிடும் என்பதால், நாலைந்தாகவே பொரித்தெடுங்கள்.

இரண்டாவது, மினி பொடி இட்லி. இட்லியை முந்தின இரவே அவித்து, மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், மறுநாள் கிளறும்போது உடையாது. வழக்கமான இட்லிப் பொடியின் காரம் இந்தக் குழந்தைகளுக்கு ஆகாது; மிளகாயை விட்டுவிட்டு, வறுத்த உளுந்து, பொட்டுக்கடலை, சிறிது வெள்ளை எள், உப்பு ஆகியவற்றை நைசாக அரையுங்கள். வாணலியில் நெய்யை உருக்கி, தாளிக்காமல், இட்லியைப் போட்டு உள்வரை சூடேறும்படி பிரட்டி, அடுப்பை அணைத்த பிறகு பொடியைத் தூவுங்கள்.

மூன்றாவதாக, வெண்ணெயும் உப்பும் சேர்த்த வெந்த ஸ்வீட் கார்னோ, பழமோ இருந்தால் போதும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் வந்தால், திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள், முழு வேர்க்கடலையைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டும் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடியவை. சீஸ், மைதா, எள் யாருக்காவது ஒவ்வாதா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவதும் அவசியம்.

பரிமாறும்போது ஒன்றோடொன்று தொடாதபடி தனித்தனிக் கிண்ணங்களில் வையுங்கள். சாஸை மேலே ஊற்றாமல் பக்கத்தில் வையுங்கள். விருந்தினர் முன்னால் “ஒரு வாய், ஒரே ஒரு வாய்” என்று கெஞ்ச வேண்டாம். ஒரு புதிய உணவை ஏற்றுக்கொள்ளச் சில குழந்தைகளுக்குப் பத்து முறைக்கு மேலும் அதைக் காட்ட வேண்டியிருக்கும், அதற்கு மற்ற நாள்கள் இருக்கின்றன. உருண்டைகளை மட்டும் எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகே எண்ணெயில் போடுங்கள். ஆறி நமத்துப்போனால், காலையில் ஆசையாக உருட்டிய குழந்தையே அதைத் தொடாது.