நாய், பூனைக்குச் சத்து சேர்க்கிறோம் என்று நாம் செய்யும் தவறுகள்

நாய்க்கு முடி கொட்டினால் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய். குட்டியின் கால் வளைந்தால் கால்சியம் டானிக். உண்ணி ஏறினால் இரண்டு பல் பூண்டு. பூனை மெலிந்தால் ஒரு கிண்ணம் பால். எல்லாமே பாசத்தில் செய்வதுதான். ஆனால் சத்துப்பொருள் எதுவானாலும் அது ஒரு குறிப்பிட்ட குறையை ஈடுகட்டத்தான் உதவும். தினமும் தட்டில் விழும் சாப்பாட்டில் எது குறைகிறது என்று பார்க்காமல் மேலே ஒரு கரண்டி ஊற்றினால் பெரும்பாலும் பயன் இருக்காது. சில நேரம் அதுவே நோயாகவும் மாறும். அதனால் டானிக் பாட்டிலைத் திறப்பதற்கு முன் தட்டைப் பார்ப்போம்.

சோறு கெடுதல் இல்லை, வெறும் சோறாகவே போடுவதுதான் கெடுதல்

நாய்க்குச் சோறே ஆகாது என்று இப்போது பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. 2013-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, ஓநாயோடு ஒப்பிட்டால் நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணுப் பிரதிகள் பல மடங்கு அதிகம் என்று காட்டியது. மனிதனோடு வாழ்ந்து மனிதன் போட்டதைத் தின்று வந்த உயிர் அது. நன்றாகக் குழைந்த சோறு அதற்குச் செரிக்கும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வளர்ந்த நாயின் உணவில், ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், குறைந்தது 18 சதவீதமாவது புரதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீவன அளவுகோல். வளரும் குட்டிக்கு 22.5 சதவீதம். அரிசியில் இருப்பது ஏழெட்டு சதவீதம்தான். இரண்டு கரண்டி தயிர் விட்டுப் பிசைந்தால் இந்த இடைவெளி மூடாது. தயிர்சாதத்திலேயே வளரும் நாய் வயிறு நிறைந்து, குண்டாகக்கூட இருக்கும். ஆனால் தசை இளைத்து, முடி மங்கி, புண் ஆற நாளாகும். இந்த நாய்க்குத் தேவை முட்டை, கோழி, மீன் போன்ற புரதம்தான். முடிக்கென்று விற்கும் டானிக் அந்தக் குறையைத் தீர்க்காது.

சைவ வீடுகளில் நாய் வளர்ப்பவர்கள் இதைப் படித்துக் கவலைப்பட வேண்டாம். முட்டை, பருப்பு, பனீர் வைத்து நாயை நன்றாக வளர்க்க முடியும். ஆனால் நிறைய திட்டமிட வேண்டும். வைட்டமின், தாது கலவை ஒன்றை மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்கவும் வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நாய்க்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்து அலசி, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் அவசியமான சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. அவற்றில் கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் உண்டு. வீட்டில் சமைத்துப் போடுவதே நல்லது என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கால்சியம்: குறைந்தாலும் கேடு, மிஞ்சினாலும் கேடு

நம் ஊரில் நாய்க்குட்டி வாங்கியதும் கூடவே வாங்கும் பொருள் கால்சியம் சிரப். யாருக்கு அது வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதில்தான் பெரிய குழப்பம்.

வெறும் சோறும் கறியும் தின்னும் குட்டிக்குக் கால்சியம் உண்மையிலேயே போதாது. எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராமில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், கால்சியம் 10 மில்லிகிராம் இருந்தால் அதிகம். குட்டிக்கோ கால்சியம் பாஸ்பரஸைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். இப்படி ஏடாகூடமான விகிதத்தில் தின்னும்போது, இரத்தத்தில் கால்சியம் குறையாமல் காக்க உடல் தன் எலும்பையே கரைக்கிறது. கறி மட்டுமே தின்ற பூனைக்குட்டி சோபாவிலிருந்து குதித்ததும் கால் முறிந்து கிடப்பது இதனால்தான்.

ராகிக் கூழ் கொடுக்கிறோமே என்பார்கள். ராகி நல்ல தானியம். 100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஆனால் குட்டிக்கு ஒவ்வொரு 1000 கலோரி உணவுக்கும் 3 கிராம் கால்சியம் வேண்டும். 1000 கலோரி முழுவதையும் ராகியிலேயே கொடுத்தாலும் சுமார் 1 கிராம்தான் தேறும். அதிலும் ஒரு பகுதியை ராகியில் உள்ள பைட்டேட் என்ற பொருள் உடலில் சேர விடாது. முட்டை ஓடு பரவாயில்லை. கழுவி, வறுத்து, மாவாக அரைத்தால் ஒரு டீஸ்பூனில் 2000 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் கிடைக்கும். இவ்வளவு வலுவான பொருளைக் கண்ணளவில் அள்ளிப் போடக் கூடாது. குட்டியின் எடையும் அதன் சாப்பாடும் தெரிந்த மருத்துவர் அளவு சொல்ல வேண்டும்.

இனி எதிர்ப்பக்கம். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற பெரிய இனக் குட்டிக்குக் கடையில் வாங்கிய தரமான குட்டி உணவைப் போடுகிறீர்கள். அதில் கால்சியம் கணக்குப் பார்த்துத்தான் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு மேலும் சிரப் ஊற்றினால் அது விஷப்பரீட்சை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. சிறு குட்டியின் குடலுக்கு மிஞ்சிய கால்சியத்தை வேண்டாமென்று தடுக்கத் தெரியாது. வந்ததெல்லாம் உள்ளே போகும். எலும்பின் வளர்ச்சி தாறுமாறாகி, கால் வளையும், மூட்டு கெடும். கால் வளைந்ததைப் பார்த்து இன்னும் கால்சியம் கொடுப்போம். இதைவிட வருத்தமான சுழல் வேறில்லை.

கர்ப்பமான நாய்க்கு முன்கூட்டியே கால்சியம் கொடுப்பதும் இதே வகைத் தவறு. வெளியிலிருந்து தாராளமாக வந்துகொண்டே இருந்தால், எலும்பிலிருந்து கால்சியம் எடுத்து விடும் வேலையை உடல் தளர்த்திவிடும். குட்டி போட்டுப் பால் சுரக்கத் தொடங்கியதும் திடீரென்று தேவை ஏறும்போது சமாளிக்க முடியாது. நடுக்கமும் வலிப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

இன்னொன்று, காலை வெயிலில் கட்டிப் போட்டால் வைட்டமின் டி கிடைக்கும் என்ற நம்பிக்கை. மனிதனுக்குப் பொருந்தும். நாயும் பூனையும் தோல் வழியாகப் போதிய வைட்டமின் டி தயாரிக்க முடியாத உயிர்கள். உணவில் இருந்துதான் அவற்றுக்கு அது வர வேண்டும்.

பூனை சின்ன நாய் அல்ல

வீட்டில் இரண்டும் இருந்தால் ஒரே பாத்திரத்தில் போடும் பழக்கம் உண்டு. நாய் ஓரளவு எதையும் சமாளிக்கும். பூனை கறியைத் தின்று வாழ்வதற்கென்றே அமைந்த உடல். டாரின் என்ற சத்து இல்லாமல் அதற்குக் கண்ணும் இதயமும் கெடும். அதைத் தன் உடலிலேயே போதிய அளவு தயாரிக்கப் பூனைக்கு முடியாது. தாவர உணவில் அது கிடையாது என்றே சொல்லலாம். 1987-ல் டேவிஸ் ஆய்வாளர்கள், டாரின் குறைவுக்கும் பூனைகளின் இதயத் தசை தளர்ந்து வீங்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். டாரின் சேர்த்ததும் பல பூனைகள் தேறின. கடை உணவுகளில் டாரின் அளவைக் கூட்டியது அதன் பிறகுதான். பூனையைச் சைவமாக வளர்க்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் நேராகவே சொல்வேன்: வேண்டாம். முயல், கிளி என்று சைவமாகவே வாழும் எத்தனையோ உயிர்கள் இருக்கின்றன.

வேகவைத்துக் கொடுப்பவர்கள் கறி வெந்த தண்ணீரைக் கொட்டிவிடக் கூடாது. டாரின் தண்ணீரில் கரைந்து இறங்கிவிடும். அந்தச் சாறையும் சேர்த்தே பிசைந்து வையுங்கள். கண்ணுக்கு நல்லது என்று கேரட் மசித்துக் கலப்பது வீண் வேலை. கேரட்டில் இருக்கும் பொருளை வைட்டமின் ஏ-வாக மாற்றப் பூனைக்குத் தெரியாது.

அதற்காக ஈரலைத் தினமும் போடவும் கூடாது. பூனை ஈரலுக்கு உயிரை விடும். கசாப்புக் கடையில் மலிவாகவும் கிடைக்கும். மாதக்கணக்கில் ஈரலே தின்ற பூனைகளுக்கு வைட்டமின் ஏ மிஞ்சி, கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போகும். தலையைத் திருப்பி உடம்பை நக்கிச் சுத்தம் செய்யக்கூட முடியாது. வாரத்தில் ஓரிரு நாள் ஒரு சிறு துண்டு போதும்.

மீனும் அப்படித்தான். நெத்திலி, கெண்டை போன்ற சில மீன்களில் தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் பூனையின் தலை தொங்கி, தள்ளாடி, வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். வெந்த மீனையும் தினசரி ஒரே உணவாக்காமல் கோழியோடு மாற்றி மாற்றிக் கொடுப்பது நல்லது. கருவாட்டில் உப்பு மிக அதிகம், தவிர்த்துவிடுங்கள்.

பால்? வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். தாயில்லாத நாய்க்குட்டி, பூனைக்குட்டிகளுக்கும் பசும்பால் போதாது. நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல். தண்ணீர் கலந்த பசும்பாலில் குட்டி மெதுவாகப் பட்டினி கிடக்கும். குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவுதான் சரி.

இயற்கைப் பொருள்தானே?

பூண்டு உண்ணியை விரட்டும் என்று இணையம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். உண்ணியை விரட்டுமென்று நம்பத்தக்க சான்று இல்லை. இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்பதற்கோ நிறையவே இருக்கிறது. வெங்காயமும் அதே குடும்பம். நாய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 15 கிராம் வெங்காயமும், பூனைக்கு வெறும் 5 கிராமும் பாதிப்பை உண்டாக்கலாம். நான்கு கிலோ பூனைக்கு 20 கிராம் என்றால் சில சின்ன வெங்காயம்தான். எடைக்கு எடை பார்த்தால் பூண்டு இன்னும் வலியது. வதக்கினாலும் பொடித்தாலும் அந்த நச்சு போகாது. அறிகுறியும் உடனே தெரியாது. ஈறு வெளுத்து, சிறுநீர் சிவந்து வருவது சில நாள் கழித்துத்தான். கறிக்குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு வேண்டாம் என்பது இதனால்தான்.

திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்க நச்சியல் மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதே அமிலம் நிறைந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் கெட்ட நிகழ்வுகள் பிறகு பதிவாயின. நம் சமையலில் புளி எங்கும் இருப்பதால் இது நமக்கு மிக முக்கியமான செய்தி. ரசம் சோறும் புளிக்குழம்புச் சோறும் கொடுக்காதீர்கள். கேசரி, பாயசத்தில் கிடக்கும் திராட்சையும் அதே கணக்குத்தான்.

தேங்காய் எண்ணெய் விஷமில்லை. ஆனால் தோலுக்கு நல்லது என்று பேசப்படும் ஒமேகா-3 என்ற கொழுப்பு அதில் கிடையாது. ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி இருக்கிறது. பத்துக் கிலோ நாயின் ஒரு நாள் தேவையே 600 கலோரி அளவுதான். ஆளிவிதை எண்ணெய் பூனைக்குக் கிட்டத்தட்ட வீண், அதிலுள்ள கொழுப்பைத் தனக்கு வேண்டிய வடிவத்துக்கு மாற்ற அதன் உடலால் முடியாது. மீன் எண்ணெய்தான் உதவும். வாங்கும்போது மீனின் உடலிலிருந்து எடுத்ததா, காட் மீனின் ஈரலிலிருந்து எடுத்ததா என்று பாருங்கள். ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ-யும் டி-யும் செறிந்திருக்கும், ஏற்கெனவே முழுமையான உணவு தின்னும் பிராணிக்கு அது மிஞ்சிப்போகும். மனிதர்களுக்கான சத்து மாத்திரைகளையும் பகிர வேண்டாம். சர்க்கரையில்லா மிட்டாய், சூயிங்கம் போன்றவற்றில் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாயின் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று வீழ்த்திவிடும்.

மாற்றும்போது அவசரம் வேண்டாம்

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக்கே தட்டைத் தலைகீழாக மாற்றிவிடாதீர்கள். ஒரு வாரம் வீட்டில் யார் என்ன கொடுத்தார்கள் என்று எழுதி வையுங்கள். பாட்டி போட்ட பிஸ்கட்டையும் விடாமல் எழுத வேண்டும். அந்தத் தாளையும் டானிக் பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனையிலேயே கேட்கலாம். புது உணவைப் பழையதோடு கலந்து, ஏழு முதல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பூனை புது உணவை முகர்ந்துவிட்டுப் போனால், பசித்தால் தானாகத் தின்னும் என்று விட்டுவிடக் கூடாது. குறிப்பாகக் குண்டான பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பெல்லாம் ஈரலில் வந்து படிந்து மஞ்சள் காமாலை வரும், பிழைக்க வைப்பது கடினம். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் பழைய உணவையே திரும்ப வையுங்கள். அதையும் தொடவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.