ஒரே காட்சியை இரண்டு முறை: ஐரோப்பிய நினைவுப் படங்களைப் பார்க்கப் பழகுவது எப்படி?

நாஜி முகாம்களையும் ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தையும் பற்றி ஐரோப்பாவில் எடுக்கப்பட்ட ஆவணப்படங்களைப் பார்க்க ஆசைப்படும் பலர், எடுத்த எடுப்பிலேயே ஒன்பது மணி நேரப் படத்தில் கைவைத்துவிட்டு அரை மணி நேரத்தில் அணைத்துவிடுகிறார்கள். இதற்குப் பொறுமையைக் குறை சொல்ல மாட்டேன். வரிசை தவறிவிடுகிறது, அவ்வளவுதான். ஒரு புகைப்படத்தையோ முகத்தையோ நம் முன் வைத்து, அதை யார் எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள் என்று நம்மையே யோசிக்க வைக்கும் படங்கள் இவை. அந்தப் பழக்கம் ஒரு குறும்படத்திலிருந்து தொடங்கினால் நிலைக்கும். ஒரு நோட்டு, ஆங்கில சப்டைட்டில், இடையூறு இல்லாத மாலைப்பொழுது ஆகியவை இருந்தால் போதும். விமர்சனங்களைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

படி 1: எதையும் குறிக்காமல் பாருங்கள்

அலென் ரெனே இயக்கிய ‘நைட் அண்ட் ஃபாக்’ 1956இல் திரைக்கு வந்தது. நீளம் 32 நிமிடம். அதன் உரையை எழுதிய ழான் கேரோல், மௌத்தவுசன் முகாமில் அடைபட்டுக் கிடந்து உயிர் மீண்டவர். முகாம்கள் இயங்கிய காலத்துக் காட்சிகள் கறுப்பு வெள்ளையில் வரும். போர் முடிந்து பத்தாண்டுகளுக்குப் பிறகு புல் முளைத்து ஆளரவமற்றுக் கிடந்த ஆஷ்விட்ஸும் மைதானெக்கும் வண்ணத்தில் வரும். பிணக்குவியல்களை மறைக்காமல் காட்டும் படம் என்பதால், குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். முடிந்ததும் உடனே வேறு எதையும் போடாதீர்கள்.

படி 2: மறுநாள், நோட்டோடு

இப்போது அதே படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நோட்டில் கோடு கிழித்து மூன்று பத்திகள் போடுங்கள்: யார் எடுத்தது, எப்போது, எதற்காக.

முதல் காட்சியிலேயே வேலை தொடங்கிவிடும். வானமும் வயலும் தெரிகின்றன. கேமரா மெல்லக் கீழே இறங்குகிறது. முள்கம்பி வேலி சட்டகத்துக்குள் வருகிறது. நாம் வேலிக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளைக் காட்சிகளில் சில நாஜித் தரப்பினர் எடுத்தவை, சில முகாம்களை விடுவித்த படைகள் எடுத்தவை. எது எது என்று படம் பெயர்ச்சீட்டு ஒட்டித் தருவதில்லை. உங்கள் பத்திகள் பல இடங்களில் காலியாகவே இருக்கும், இருக்கட்டும்.

காட்டப்படாததையும் எழுதுங்கள். பிரான்ஸ் மண்ணிலேயே இருந்த ஒரு முகாமைக் கண்காணிக்கும் பிரெஞ்சுக் காவலரின் தொப்பி ஒரு புகைப்படத்தில் தெரிந்தது. அதை மறைத்தால்தான் அனுமதி என்றது பிரெஞ்சுத் தணிக்கைத் துறை. தொப்பியின் மேல் ஒரு உத்தரம் வரையப்பட்டு, படம் வெளியானது. பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்தப் புகைப்படம் பழையபடி சேர்க்கப்பட்டது. இன்னொன்று: யூதர் என்ற சொல் உரையில் ஒரே ஒருமுறை, ஆம்ஸ்டர்டாம் மாணவர் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது மட்டுமே வருகிறது. நாடுகடத்தப்பட்ட எல்லோரையும் ஒரே கூட்டமாக வைத்துப் பேசிய 1950களின் பிரான்ஸ் அதில் தெரிகிறது. மிகச் சிறந்த படம் என்று நான் மதிக்கும் ஒன்றில் உள்ள பெருங்குறை இது. அதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பரிந்துரைப்பது முறையல்ல.

ரயில் புறப்படும் பகுதியில் தலைத்துணி கட்டிய ஒரு சிறுமி, சரக்குப்பெட்டிக் கதவின் இடைவெளியில் வெளியே பார்ப்பாள். சில நொடிகள்தான். அந்த இடத்தின் நேரத்தைக் குறித்துவையுங்கள்.

படி 3: அதே சிறுமியை வேறு படத்தில் தேடுங்கள்

இந்தப் பாடத்தின் மையம் இதுதான். ஹாரூன் ஃபரோக்கியின் ‘ரெஸ்பைட்’ 2007இல் வந்த 40 நிமிடப் படம். இந்திய மருத்துவருக்கும் ஜெர்மன் தாய்க்கும் பிறந்தவர் ஃபரோக்கி. படத்தில் பேச்சு, இசை, ஓசை எதுவும் கிடையாது. எழுத்து அட்டைகள் மட்டுமே.

நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கிழக்கே இருந்த முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1944இல் முகாம் தளபதியின் உத்தரவுப்படி அதைப் படம் பிடித்தவர் ருடோல்ஃப் பிரெஸ்லாவர் என்ற கைதி. அவரும் பின்னர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். அவர் எடுத்த காட்சிகளை மட்டுமே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நிறுத்தி, திரும்பக் காட்டி, என்ன தெரிகிறது என்று எழுதிக்கொண்டே போகிறார் ஃபரோக்கி. ஒரு பெண்ணைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து ரயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். அவருடைய கைப்பெட்டியின் மேல் பெயரும் பிறந்த தேதியும் தெரிகின்றன. அந்த எழுத்துகளை வைத்தே, ரயில் புறப்பட்ட நாள் 1944 மே 19 என்று உறுதி செய்ய முடிந்திருக்கிறது.

கைதிகள் வேலை செய்கிறார்கள், உடற்பயிற்சி செய்கிறார்கள், மேடையில் ஆடுகிறார்கள், சிலர் சிரிக்கவும் செய்கிறார்கள். உங்கள் மூன்றாவது பத்தி இங்கே நிரம்பும்: முகாம் பயனுள்ளதாக இயங்குகிறது என்று மேலிடத்துக்குக் காட்டுவதற்கான படமாக இது இருக்கலாம்.

பிறகு அந்தச் சிறுமி வருவாள். அவள் பெயர் செட்டெலா ஸ்டைன்பாக். அரை நூற்றாண்டுக் காலம் யூதச் சிறுமி என்றே உலகம் நினைத்திருந்தது. 1994இல்தான், ஒரு டச்சுப் பத்திரிகையாளரின் தேடலால், அவள் ஐரோப்பிய ரோமா மக்களில் ஒரு பிரிவான சிந்தி (Sinti) இனத்தைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமி என்று தெரியவந்தது. ஆஷ்விட்ஸில் அவள் கொல்லப்பட்டாள். இப்போது படி 2இல் குறித்த இடத்துக்குப் போய் அந்தச் சில நொடிகளை மீண்டும் பாருங்கள்.

படி 4: பேசுகிறவரின் முகத்தைப் பாருங்கள்

மார்செல் ஓஃபுல்ஸின் ‘தி சாரோ அண்ட் தி பிட்டி’ 1969இல் எடுக்கப்பட்டது. நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓடும். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது பிரான்ஸின் கிளெர்மோன்-ஃபெர்ரான் நகரத்தார் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதே பொருள். பிரெஞ்சுத் தொலைக்காட்சி 1981 வரை ஒளிபரப்பவில்லை. இரண்டு மாலைகளில் பாருங்கள். ‘நான் யூதன் அல்ல’ என்று போர்க்காலப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்த கடைக்காரர் ஒருவர் வருவார். தன் குடும்பப் பெயரைக் கேட்டு யூதர் என்று நினைத்துவிடுவார்களே என்பதுதான் அவருடைய விளக்கம். அவர் பேசி முடித்த பிறகு எவ்வளவு நேரம் கேமரா அவரை விட்டு நகராமல் இருக்கிறது என்று கவனியுங்கள்.

க்ளோத் லான்ஸ்மனின் ‘ஷோவா’வுக்கு (1985) இதற்குப் பிறகே வாருங்கள். ஒன்பது மணி நேரத்துக்கும் மேற்பட்ட அதில் பழைய காட்சி ஒன்றுகூடக் கிடையாது. ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயில் ஓட்டிய போலந்து ஓட்டுநர், மறுபடி எஞ்சினில் நின்று, கழுத்தின் குறுக்கே விரலை இழுத்துக் காட்டும் இடத்தில் படத்தை நிறுத்தி மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். போலிஷ் மொழியில் பேசுகிறவரை இன்னொருவர் பிரெஞ்சில் சொல்வதை லான்ஸ்மன் வெட்டவில்லை. அந்த இடைவெளியில் சப்டைட்டிலை விட்டுவிட்டு, பேசியவரின் முகத்தைப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

இடையில் ஒரு படம்

இவற்றை அடுத்தடுத்துப் பார்த்தால் மனம் மரத்துப்போகும். நடுவில் ஆக்னெஸ் வார்தாவின் ‘தி க்ளீனர்ஸ் அண்ட் ஐ’ (The Gleaners and I, 2000) பாருங்கள். அறுவடைக்குப் பின் வயலில் விட்டதைப் பொறுக்குகிறவர்களைத் தேடி, சிறிய டிஜிட்டல் கேமராவோடு பிரான்ஸைச் சுற்றுகிறார் வார்தா. ஒத்துவராத வடிவம் என்று கொட்டப்பட்ட உருளைக்கிழங்குகளில் இதய வடிவில் இருப்பதைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அங்கே தன் சுருங்கிய கையையே படம் பிடிக்கிறார். நோட்டு இல்லாமல் பார்க்க வேண்டிய படம் இது.

சென்னையில் இருப்பவர்கள் அலியான்ஸ் பிரான்சேஸ், கோத்தே நிறுவனம் ஆகியவற்றின் திரையிடல் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். வீட்டில் பார்ப்பதானால் இன்னும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, படி 2இன் மூன்று பத்திகளை இருவரும் தனித்தனியே எழுதி, பிறகு ஒப்பிடுங்கள்.